லைப்ரரியைச் சேர்க்க ஒரு வரி போதும் என்கிறார்கள், எனக்கு இரண்டு நாள் ஆகிவிட்டது

கேள்வி: ஜூன் 2, காலை 9:12

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் சார்ட் வரைய வேண்டும். சார்ட்.ஜேஎஸ் லைப்ரரியைச் சேர் என்றார்கள். ஒரு வீடியோவில் ஸ்கிரிப்ட் டேக் ஒன்றை ஒட்டச் சொன்னார்கள். இன்னொன்றில் டெர்மினலைத் திறந்து என்பிஎம் இன்ஸ்டால் அடிக்கச் சொன்னார்கள். இரண்டையும் செய்துவிட்டேன். இப்போது ப்ராஜெக்டுக்குள் நோட் மாட்யூல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் முளைத்திருக்கிறது, கன்சோலில் "சார்ட் ஈஸ் நாட் டிஃபைன்ட்" என்று சிவப்பில் வருகிறது. என் கட்சி: ஸ்கிரிப்ட் டேக் போதும், என்பிஎம் வெறும் ஆடம்பரம். தவறா?

ஜூன் 2, காலை 9:40

தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் சிக்கல் அதில் இல்லை. இரண்டு வழியிலும் பாதிப் பாதி தூரம் நடந்துவிட்டு நிற்கிறீர்கள்.

என்பிஎம் இன்ஸ்டால் அடித்தபோது நடந்தது இவ்வளவுதான்: லைப்ரரியின் ஃபைல்கள் உங்கள் கணினிக்கு வந்து நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் உட்கார்ந்தன. பிரவுசருக்கு அந்தச் சேதியே போகவில்லை. பிரவுசர் எச்டிஎம்எல் ஃபைலை மேலிருந்து கீழே படிக்கும். எந்த ஃபைலைக் கொண்டு வா என்று அதில் எழுதியிருக்கிறதோ அதை மட்டும் கொண்டு வரும். பக்கத்து ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காது. என்பிஎம் இறக்கி வைத்ததைப் பிரவுசருக்கு ஏற்ற வடிவில் கட்டிக் கொடுக்க நடுவில் பண்ட்லர் என்று ஒன்று வேண்டும். அது உங்களிடம் இல்லை, இப்போதைக்குத் தேவையும் இல்லை.

அதனால் நோட் மாட்யூல்ஸை அழித்துவிடுங்கள். கூடவே முளைத்த இரண்டு பேக்கேஜ் ஃபைல்களையும் அழிக்கலாம். குடி ஒன்றும் முழுகாது. முதலில் ஸ்கிரிப்ட் டேக்கோடு மட்டும் ஓட வையுங்கள்.

ஜூன் 2, காலை 9:52

விட்டுப்போனது: டேக்கை ஹெட் பகுதியில் போட்டு, டிஃபர் என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். லைப்ரரி இறங்கும்வரை பக்கம் காத்துக் கிடக்காது.

ஜூன் 2, மதியம் 1:15

"இரண்டு நாள் ஆகிவிட்டது" என்று தலைப்பில் எழுதியிருக்கிறீர்கள். நான் முதன்முதலில் ஜேக்வெரி என்ற லைப்ரரியைச் சேர்த்தபோது பட்டதைச் சொல்கிறேன், மனம் ஆறும்.

ஸ்கிரிப்ட் டேக்கில் எஸ்ஆர்சி கொடுத்து லைப்ரரியின் முகவரியை எழுதினேன். டேக்கின் திறப்புக்கும் மூடலுக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தது. வீணாகப் போவானேன் என்று என் ஜாவாஸ்கிரிப்ட் கோடையும் அங்கேயே எழுதிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எரரும் இல்லை. எஸ்ஆர்சி இருக்கும் டேக்குக்குள் எழுதியதைப் பிரவுசர் சட்டையே செய்யாது என்பது எனக்குத் தெரியாது. கன்சோலில் சிவப்பாக ஏதாவது வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தேடியிருப்பேன். ஒரு மாலை முழுக்க என் கோடின் ஒவ்வொரு வரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஓடவே ஓடாத கோடு அது!

மறுநாள் இரண்டு டேக்காகப் பிரித்தேன். அதில் முதல் டேக்கை, இமேஜ் டேக்கில் செய்வதுபோல, சாய்கோடு போட்டு அங்கேயே முடித்தேன். பக்கமே வெள்ளையாகிவிட்டது. எச்டிஎம்எல்லில் ஸ்கிரிப்டுக்கு மூடும் டேக் தனியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து எங்கே மூடும் டேக் வருகிறதோ அதுவரை உள்ள எல்லாவற்றையும் ஸ்கிரிப்டின் வயிற்றுக்குள் போட்டுக்கொள்ளும்.

ஆக எனக்கும் இரண்டு நாள்தான்.

ஜூன் 2, மாலை 6:30

டிஃபர் போட்டும் அதே எரர் என்று நீங்கள் அனுப்பிய கோடைப் பார்த்தேன். குற்றவாளி நான்தான். காலை 9:52க்கு எழுதியதைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

டிஃபர் என்றால் "இறக்குவதை இப்போதே தொடங்கு, ஆனால் பக்கத்தைப் படித்து முடித்த பிறகு ஓட்டு" என்று பொருள். நீங்கள் லைப்ரரிக்கு டிஃபர் போட்டீர்கள். உங்கள் கோடு பக்கத்தின் அடியில் எஸ்ஆர்சி இல்லாத ஸ்கிரிப்ட் டேக்குக்குள் நேரடியாக இருக்கிறது. பிரவுசர் அந்த இடத்துக்கு வந்ததும் உங்கள் கோடை அப்போதே ஓட்டிவிடும். லைப்ரரி இன்னும் வரிசையில் நிற்கிறது. சார்ட் என்றால் யார் என்று கேட்கிறது பிரவுசர். எஸ்ஆர்சி இல்லாத சாதாரண ஸ்கிரிப்டுக்கு டிஃபர் எழுதினாலும் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி செய்ய எளிய வழி, உங்கள் கோடைத் தனி ஃபைலாக்கி அதற்கும் டிஃபர் போடுவது. டிஃபர் போட்ட ஃபைல்கள் எழுதியிருக்கும் வரிசைப்படியே ஓடும். லைப்ரரி மேலே, உங்களுடையது கீழே. அசிங்க் என்ற சொல்லைத் தொடாதீர்கள். அது எந்த ஃபைல் முதலில் வந்து சேர்கிறதோ அதை முதலில் ஓட்டும். உங்கள் ஃபைல் சின்னது, லைப்ரரி பெரியது. எது முந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைவிடக் கொடுமை, சில சமயம் லைப்ரரி முந்திவிடும். "என் கணினியில் ஓடுகிறதே" என்ற வாக்கியம் இப்படித்தான் பிறக்கிறது.

ஜூன் 3, காலை 8:10

அடுத்த கேள்வி: சிடிஎன் (லைப்ரரி ஃபைல்களை எல்லோருக்கும் கொடுக்கும் வெளி சர்வர்) முகவரியையே வைத்துக்கொள்ளலாமா, ஃபைலை இறக்கி நம் ஃபோல்டரில் வைக்கலாமா.

சிடிஎன்னில் ஒரு லாபம் உண்டு. பார்வையாளர் வேறொரு தளத்தில் அதே முகவரியிலிருந்து அதே ஃபைலை ஏற்கெனவே இறக்கியிருந்தால், பிரவுசர் தன் கேஷிலிருந்தே (இறக்கியதைச் சேமித்து வைக்கும் இடம்) எடுத்துக்கொள்ளும். உங்கள் பக்கத்துக்கு இலவசமாகக் கிடைத்த மாதிரி.

ஜூன் 3, காலை 8:45

மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். பழைய பாடத்தை ஒப்பித்துவிட்டேன். பல வருடங்களுக்கு முன் உண்மையாக இருந்தது. இப்போது பிரவுசர்கள் கேஷைத் தளவாரியாகப் பிரித்து வைக்கின்றன. ஒரு தளத்துக்காக இறக்கிய ஃபைலை இன்னொரு தளத்துக்குத் தராது. அப்படித் தந்தால், நீங்கள் முன்பு எந்தத் தளத்துக்குப் போயிருந்தீர்கள் என்பதை வேகத்தை வைத்தே வேவு பார்க்கலாம். சஃபாரி வெகு முன்பே பிரித்துவிட்டது. குரோம் 2020 அக்டோபரில் 86ஆம் வெர்ஷனிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2021 ஜனவரியில் 85ஆம் வெர்ஷனிலும் இந்த வழிக்கு வந்தன. ஆனாலும் அந்தப் பழைய பாடம் இன்னும் எல்லா வீடியோக்களிலும் உலவுகிறது, என் வாயிலும்.

ஆகவே ஆரம்பக்காரருக்கு என் தீர்ப்பு: இறக்கி உங்கள் ஃபோல்டரில் வையுங்கள். இணையம் இல்லாதபோதும் ஓடும். கண்ணெதிரே ஃபைல் இருக்கும், திறந்து பார்க்கலாம். படித்தாலும் புரியாது, சரி. ஆனால் "லைப்ரரி" என்பது யாரோ எழுதிய ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்தான், மாயம் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் மனதில் பதியும்.

ஜூன் 3, இரவு 9:20

"இறக்கி வைத்தேன், இப்போது வேறு எரர் வருகிறது: கேனாட் யூஸ் இம்போர்ட் ஸ்டேட்மென்ட் அவுட்சைட் எ மாட்யூல்."

நல்லது, முன்னேற்றம்! எரர் மாறினால் நீங்கள் நகர்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

லைப்ரரியில், பயன்படுத்தத் தயாரான ஃபைல்களை வைக்கும் டிஸ்ட் ஃபோல்டரில் இரண்டு மூன்று ஃபைல்கள் இருந்திருக்கும். பெயரைப் பார்த்து சார்ட்.ஜேஎஸ் என்பதை எடுத்திருப்பீர்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். நான்காம் வெர்ஷனில் அது மாட்யூல் வடிவம், அதாவது வேறு ஃபைல்களை இம்போர்ட் என்று எழுதி வரவழைக்கும் வகை. முதல் வரிகளிலேயே இம்போர்ட் இருக்கும். சாதாரண ஸ்கிரிப்ட் டேக்குக்கு அது ஒத்துவராது. உங்களுக்கு வேண்டியது பெயரில் யுஎம்டி என்று இருக்கும் ஃபைல். யுனிவர்சல் மாட்யூல் டெஃபனிஷன் என்பதன் சுருக்கம். பழைய பாணி ஸ்கிரிப்ட் டேக்கிலும் ஓடும், வேறு சூழலிலும் ஓடும், அதனால் அந்தப் பெயர். ஸ்கிரிப்ட் டேக்கில் போட்டால் பிரவுசரின் விண்டோ என்ற பொதுப் பொருளின் மேல் சார்ட் என்று ஒரு பெயரை மாட்டிவிடும், அதைத்தான் உங்கள் கோடு கூப்பிடுகிறது.

இது சார்ட்.ஜேஎஸுக்கு மட்டுமான கதை இல்லை. எந்த லைப்ரரியை எடுத்தாலும் டிஸ்ட் ஃபோல்டரில் யுஎம்டி, ஈஎஸ்எம், சிஜேஎஸ், மின் என்று வால்கள் இருக்கும். மின் என்றால் இடைவெளியெல்லாம் பிழிந்து சிறிதாக்கியது. ஈஎஸ்எம் மேலே சொன்ன மாட்யூல் வடிவம். சிஜேஎஸ் நோடுக்கானது (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது), பிரவுசரில் போட்டால் "ரிக்வயர் ஈஸ் நாட் டிஃபைன்ட்" என்று அழும். லைப்ரரியைச் சேர்ப்பதில் எனக்கு அதிக நேரம் தின்றது டேக் எழுதுவது அல்ல, எந்த ஃபைல் என்று தெரியாமல் விழித்ததுதான்.

ஜூன் 4, காலை 7:30

வெர்ஷன் எண். இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

ஒரு சின்ன அமைப்புக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தேன். படுக்கைவாட்டில் பட்டை சார்ட் நான்கு. சிடிஎன் முகவரியில் வெர்ஷன் எண் எழுதவில்லை. எண் எழுதாவிட்டால் அது அந்தந்த நேரத்தில் எது கடைசி வெர்ஷனோ அதைக் கொடுக்கும். "எப்போதும் புதுசு, நல்லதுதானே" என்று நினைத்தேன். பல மாதம் ஓடியது. நான் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை.

2021 ஏப்ரலில் ஒரு நாள் அழைப்பு: சார்ட் நான்கும் காணவில்லை. "நான் எதையும் மாற்றவில்லையே" என்றேன். உண்மைதான், நான் மாற்றவில்லை. சார்ட்.ஜேஎஸின் மூன்றாம் வெர்ஷன் வந்திருந்தது. அதில் படுக்கைவாட்டுப் பட்டைக்கென்று இருந்த தனி வகையையே எடுத்துவிட்டார்கள். சாதாரணப் பட்டை வகையைப் போட்டு, இண்டெக்ஸ் ஆக்சிஸ் ஒய் என்று ஆப்ஷன் கொடுக்க வேண்டும். அச்சுகளை எழுதும் முறையும் மாறியிருந்தது. பட்டியலாக எழுதியது போய், எக்ஸ், ஒய் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். லைப்ரரிக்காரர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. என்னென்ன மாறுகிறது என்று விளக்கமாகவே எழுதி வைத்திருந்தார்கள். முதல் எண் 2லிருந்து 3க்கு மாறினால் பழைய கோடு உடையலாம் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தமே. வாசலைத் திறந்து போட்டுத் தூங்கியது நான்.

அன்று நான் செய்த திருத்தம் முகவரியில் அட் குறியும் பழைய எண்ணும் சேர்த்தது. அரை நிமிட வேலை. அதற்கு முன் மூன்று மணி நேரம் என் கோடில் தேடியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூன் 4, காலை 7:41

ஃபைலை இறக்கி வைத்தாலும் எண் முக்கியம். ஃபைல் பெயரிலேயே எண்ணை எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து "இது எந்த வெர்ஷன்?" என்று நீங்களே கேட்பீர்கள்.

ஜூன் 5, இரவு 10:55

சிடிஎன்னை நான் மட்டம் தட்டுவதாக ஒருவருக்கு வருத்தம். இல்லை. பெரிய சிடிஎன்கள் வேகமானவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் வேறொருவர் சர்வரிலிருந்து ஸ்கிரிப்ட் ஏற்றுவது என்றால், உங்கள் பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யும் உரிமையை அந்த சர்வருக்கு எழுதிக் கொடுப்பதுதான்.

பாலிஃபில்.ஐஓ கதை தெரிந்திருக்கும். பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை ஈடுகட்டும் ஸ்கிரிப்டை அந்த முகவரி கொடுத்துவந்தது. 2024 பிப்ரவரியில் டொமைன் கைமாறியது. ஜூனில் பார்த்தால், மொபைலில் வருகிறவர்களை வேறு மோசடித் தளங்களுக்குத் திருப்பிவிடும் கோடு அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அந்த ஒரு வரி ஒட்டப்பட்டிருந்தது. எப்போதோ ஒட்டி மறந்த வரி.

இதற்குத்தான் இன்டெக்ரிட்டி என்ற பண்பு இருக்கிறது. ஸ்கிரிப்ட் டேக்கில் ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எழுத்துச்சரத்தை எழுதிவிட்டால், வந்த ஃபைல் அதோடு ஒத்துப்போகாதபோது பிரவுசர் ஓட்ட மறுத்துவிடும். வேறு டொமைன் என்றால் கிராஸ்ஆரிஜின் பண்பும் கூடவே வேண்டும். பல சிடிஎன் பக்கங்களில் இந்த வரி முழுவதையும் அப்படியே காப்பி செய்ய முடியும்.

ஜூன் 5, இரவு 11:20

மேலதுக்கு ஒரு ஒட்டு. வெர்ஷன் எண் இல்லாத முகவரியோடு இன்டெக்ரிட்டி போட்டால், அடுத்த வெர்ஷன் வந்த அன்று கைரேகை மாறி உங்கள் பக்கம் நிற்கும். எண்ணும் வேண்டும், இன்டெக்ரிட்டியும் வேண்டும். அதேபோல் பாலிஃபில் விஷயத்தில் இன்டெக்ரிட்டி காப்பாற்றியிருக்காது. அது ஒவ்வொரு பிரவுசருக்கும் வேறு வேறு கோடைக் கொடுக்கும் சேவை, ஒரே கைரேகை என்பதே அங்கே இல்லை. நான் எழுதிய வரிசை இன்டெக்ரிட்டி அதைத் தடுத்திருக்கும் என்பது மாதிரித் தொனிக்கிறது.

ஜூன் 8, காலை 11:00

என்பிஎம் ஆடம்பரமா? இரண்டாவது யோசனை வந்துவிட்டது.

ஒரு லைப்ரரி, இரண்டு லைப்ரரி என்றால் ஸ்கிரிப்ட் டேக். ஐந்தைத் தாண்டி, அதில் இரண்டு வேறொன்றை நம்பி நிற்கிறது என்றாகும்போது வரிசையைக் கையால் காப்பாற்றுவது நரகம். ஒரு முறை, ஒரு பக்கத்தில் ஜேக்வெரி இரண்டு தடவை ஏறிவிட்டது. மேலே ஒன்று, பின்னால் ஒரு டெம்ப்ளேட்டோடு வந்த இன்னொன்று. முதல் ஜேக்வெரியில் மாட்டிய ப்ளகின் எல்லாம் இரண்டாவது வந்ததும் காணாமல் போயிற்று. ஜேக்வெரியைக் கூப்பிடும் டாலர் குறி இருக்கிறது, ப்ளகின் மட்டும் "நாட் எ ஃபங்ஷன்" என்கிறது. ப்ளகினை எழுதியவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். பாவம்.

அந்தக் கட்டத்தில் என்பிஎம்மும் வீட் (Vite) மாதிரி ஒரு பண்ட்லரும் உண்மையிலேயே உதவும். பேக்கேஜ் ஃபைலில் எண்ணுக்கு முன்னால் ஒரு தொப்பிக் குறி இருக்கும். ^4.4.0 என்றால் 4.4.0 முதல் 5க்குக் கீழே எதுவும் சரி என்று பொருள். லாக் (பூட்டு) ஃபைல் துல்லியமாக எது வந்தது என்று பதிந்து வைக்கும். அந்த லாக் ஃபைலைக் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்த்துவிடுங்கள், நோட் மாட்யூல்ஸைச் சேர்க்காதீர்கள். நான் முதல் தடவை நேர்மாறாகச் செய்தேன். ஏற்றி முடிக்க அரை நாள்.

என்பிஎம்முக்கும் அதன் சொந்தக் கூத்துகள் உண்டு. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரி பேக்கேஜை அதை எழுதியவர் எடுத்துவிட்டார். ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பித் தரும், அவ்வளவுதான் அதன் வேலை. அதை நம்பியிருந்தவற்றை நம்பியிருந்தவை என்று போய், பாபெல், ரியாக்ட் போன்ற பெரிய ப்ராஜெக்டுகள் வரை பில்ட் (கோடைக் கட்டித் தயாராக்கும் வேலை) நின்றது. பதினோரு வரியை நாமே எழுதியிருக்கலாமே என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னோம். மறுநாள் எல்லோரும் இன்ஸ்டால் அடித்தோம்.

ஜூன் 9, காலை 9:05

"பண்ட்லர் வேண்டாம், ஆனால் இம்போர்ட் எழுத ஆசை." எழுதலாம். ஸ்கிரிப்ட் டேக்கில் டைப் மாட்யூல் என்று கொடுங்கள். டிஃபர் தனியாக வேண்டாம், மாட்யூல் தானாகவே அப்படித்தான் ஓடும். ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் குரோமில் ஓடாது, சிஓஆர்எஸ் எரர் (வேறிடத்து ஃபைலை எடுக்க விடாமல் பிரவுசர் தடுப்பது) வரும். சின்ன லோக்கல் சர்வர் ஒன்று வேண்டும், எடிட்டரில் லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன் போட்டால் போதும். இம்போர்ட்டில் முகவரி இல்லாமல் லைப்ரரியின் வெறும் பெயரை எழுதினாலும் பிரவுசர் முழிக்கும். அந்தப் பெயர் எந்த ஃபைல் என்று சொல்ல இம்போர்ட் மேப் எழுத வேண்டும். 2023 மார்ச்சில் சஃபாரி 16.4 வந்ததிலிருந்து பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இது ஓடுகிறது.

ஜூன் 13, மாலை 5:40

சர்வரில் ஏற்றியதும் "அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்" என்று சொல்லி, கூடவே ஒரு < குறி காட்டுகிறது, கோடில் அப்படி ஒரு குறியே இல்லை என்கிறீர்கள்.

உங்கள் கோடில் இல்லை. நெட்வொர்க் டேபைத் திறந்து அந்த ஃபைலைக் கிளிக் செய்து என்ன வந்தது என்று பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்குப் பதில் ஒரு எச்டிஎம்எல் பக்கம் வந்திருக்கும். கேட்ட முகவரியில் ஃபைல் இல்லாதபோது சில சர்வர்கள் முகப்புப் பக்கத்தையே 200 என்று சொல்லி அனுப்பிவிடும். அந்த < குறி அதன் முதல் எழுத்து. ஃபைல் ஏன் இல்லை? பெரும்பாலும் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸில் இரண்டும் ஒன்று. லினக்ஸ் சர்வரில் வேறு வேறு.

ஜூன் 13, மாலை 6:02

பெரிய எழுத்துதான் என்று சொல்லிவிட்டார். எனக்கு இது மட்டும் எப்போதும் சரியாக வரும், ஏனென்றால் நாலு தடவை விழுந்திருக்கிறேன்.

ஜூன் 14, இரவு 8:30

கொஞ்சம் தடம் மாறுகிறேன். இவர் அடுத்து தேதி காட்ட மொமென்ட்.ஜேஎஸ் சேர்க்கப் போகிறாராம். நிறுத்துங்கள். மொமென்ட்டைப் பராமரிப்பவர்களே 2020 செப்டம்பரில் "இனி புது வசதி சேர்க்க மாட்டோம், புதிய ப்ராஜெக்டுக்கு வேறு பாருங்கள்" என்ற பொருளில் அறிவித்துவிட்டார்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு தேதியைத் தமிழில் காட்டுவது மட்டும்தான். பிரவுசரிலேயே இன்டல் என்று ஒன்று இருக்கிறது. அதன் டேட் டைம் ஃபார்மட்டுக்குத் தமிழ் என்று மொழியைச் சொன்னால் மாதப் பெயர் தமிழில் வரும். எந்த ஃபைலும் சேர்க்க வேண்டாம்.

ஜேக்வெரியும் அப்படித்தான். 2006இல் வந்தபோது ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு பாஷை பேசியது, அது மொழிபெயர்ப்பாளர் மாதிரி நடுவில் நின்றது. இப்போது பக்கத்தில் ஒன்றைத் தேடும் குவெரி செலக்டரும், தகவலைக் கொண்டு வரும் ஃபெட்ச்சும் பிரவுசரிலேயே இருக்கின்றன. இருந்தும் பழைய ப்ராஜெக்டைத் திறந்து டாலர் குறியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாசம் பொங்கும். அதை வாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சார்ட்டுக்கு லைப்ரரி வேண்டும். கேன்வாஸில் (பக்கத்தில் படம் வரையும் பகுதி) அச்சுகளையும் கோடுகளையும் நாமே வரைய உட்கார்ந்தால் ஒரு வாரம் போகும். நான் உட்கார்ந்திருக்கிறேன். போனது.

ஜூன் 21, காலை 10:15

சார்ட் வந்துவிட்டதாம். ஆனால் பக்கத்தின் உயரம் தானாக வளர்ந்துகொண்டே போகிறதாம், ஸ்க்ரோல் பார் சிறுத்துக்கொண்டே வருகிறதாம்.

கேன்வாஸைத் தனியாக ஒரு டிவ்வுக்குள் போட்டு, அந்த டிவ்வுக்கு உயரமும் பொசிஷன் ரிலேட்டிவும் கொடுங்கள். அந்த டிவ்வில் வேறு எதையும் வைக்காதீர்கள். சார்ட் தன் தாய் டிவ்வின் அளவைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்கிறது. உயரம் சொல்லாத டிவ் சார்ட்டைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்து இரண்டும் வளர்கின்றன.

லைப்ரரி சேர்ந்துவிட்டது, இனி இது சிஎஸ்எஸ். வேறு இழை போடுங்கள், அங்கே வருகிறேன்.